புதுப்பிப்பு: கேஷ்ல லாபம், டோர்னமென்ட்ல அடி மேல அடின்னு சொன்னேன்ல

போக்கர்ல கேஷ் கேம் (சிப்ஸுக்கு நேரடியா பணமதிப்பு இருக்கற ஆட்டம்) நல்லா போகுது, டோர்னமென்ட்ல மட்டும் பாதியிலயே வெளிய வந்துடுறேன்னு புலம்பியிருந்தேன், "ஸ்டாக்ல (கையில இருக்கற சிப்ஸ்ல) எத்தனை பிக் பிளைண்ட் (சீட்டு பாக்குறதுக்கு முன்னாடியே ஒருத்தர் கட்டாயமா போடுற பந்தயம்) இருக்குன்னு பாத்து ஆடு"ன்னு சொன்னவங்களுக்கு மனசார நன்றி. பழைய கைகளை திருப்பிப் பாத்தா தப்பு அங்கதான். கேஷ்ல 100 பிக் பிளைண்ட் வச்சே பழகிட்டேன், அங்க சின்ன ஜோடி வந்தா கால் பண்ணி (எதிராளி பந்தயத்துக்கு சமமா போட்டு) செட் (ஒரே மாதிரி மூணு சீட்டு) அடிக்குதான்னு பாக்கலாம், ஃப்ளாப்ல (மேஜைல திறக்கற முதல் மூணு சீட்டுல) எட்டரை தடவைக்கு ஒரு தடவைதான் விழும் ஆனா விழுந்தா பெருசா எடுக்கலாம், அதையே நான் 15 பிக் பிளைண்ட்லயும் செஞ்சு சிப்ஸை கரைச்சிருக்கேன். அந்த ஆழத்துல ஒண்ணு ஆல்-இன் (எல்லா சிப்ஸையும் தள்ளுறது), இல்ல ஃபோல்ட் (கையை விட்டுடுறது).

இன்னொன்னு, பிக் பிளைண்ட் போடுற இடத்துல இருக்கும்போது ரொம்ப ஃபோல்ட் பண்ணேன். எதிராளி 2 பிக் பிளைண்ட்டுக்கு ரெய்ஸ் பண்ணா, பிக் பிளைண்ட் ஆன்ட்டியும் (கூடுதல் கட்டாயப் பந்தயம்) இருந்தா பாட்ல 4.5 (அவர் 2, என் பிளைண்ட் 1, ஸ்மால் பிளைண்ட் 0.5, ஆன்ட்டி 1), நான் இன்னும் போட வேண்டியது 1தான், 18 சதவீதம் ஈக்விட்டி (ஜெயிக்கற வாய்ப்பு) இருந்தாலே கணக்கு சரி. இது தெரியாம எவ்வளவு விட்டிருக்கேன்!

நேத்து பபிள்ல (இன்னும் ஒருசிலர் வெளிய போனா மிச்சம் எல்லாருக்கும் பரிசுப் பணம்ங்கற கட்டத்துல) பெரிய ஸ்டாக்காரர் ஆல்-இன் தள்ளுனார், என்கிட்ட ஏஸ்-பத்து, 22 பிக் பிளைண்ட், என்னைவிட சின்ன ஸ்டாக் மூணு பேர், அவங்க எனக்கு முன்னாடி வெளிய போக வாய்ப்பு அதிகம். கேஷ்னா கால் அடிச்சிருப்பேன். கை நடுங்க ஃபோல்ட் பண்ணேன், கொஞ்ச நேரத்துலயே பபிள் உடைஞ்சு பணம் வந்துச்சு. ஃபைனல் டேபிள் ஐசிஎம் (சிப்ஸ் எவ்வளவு பரிசுப் பணத்துக்கு சமம்னு பாக்குற) கணக்குதான் இன்னும் பிடிபடல, நீங்க எப்படி பழகுனீங்க?