பட்டனை அழுத்துவதற்குள் பக் ஓடிவிடுகிறது: திரைப்பதிவுக் கருவி எழுதியவர்கள், பயன்படுத்தியவர்கள் வாருங்கள்

திரியைத் தொடங்கியவர், சென்னை

"எங்கிட்ட சரியா ஓடுதே" என்று டிக்கெட்டில், அதாவது பக் என்கிற மென்பொருள் பிழையைப் பற்றிய புகார்க் குறிப்பில், எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. அத்தகைய புகார்களைப் பதியும் பக்ஸில்லா மென்பொருளில் இதற்கென்றே 'ஒர்க்ஸ்ஃபார்மீ' என்று ஒரு முடிவுக்குறி உண்டு. அவ்வளவு பழைய சண்டை இது. நான் அப்படி எழுதியதும் எங்கள் குழுவின் டெஸ்டர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கே வந்துவிடுவார். வந்து காட்டும்போது பக் வராது. அவர் இடத்துக்குத் திரும்பி உட்கார்ந்ததும் வரும். 2020இல் எல்லோரும் வீட்டுக்குப் போனதும் அந்த நடையும் நின்றது. பிரவுசர் திரையைப் பதிவுசெய்து டிக்கெட்டோடு ஒட்டிவிடும் குரோம் நீட்சி (எக்ஸ்டென்ஷன்) ஒன்றை வார இறுதிகளில் எழுத ஆரம்பித்தேன்.

பதிவுசெய்வது கஷ்டமே இல்லை. திரையைக் கேட்டு வாங்கவும், அதை வீடியோவாக்கவும் பிரவுசரிலேயே வசதி இருக்கிறது. ஒரே சனிக்கிழமையில் முடித்துவிட்டேன். திங்கட்கிழமை டெஸ்டர் சொன்னார்: "தம்பி, பக் வந்த பிறகுதானே நான் பட்டனை அழுத்துவேன்?" அவர் அனுப்பிய முதல் வீடியோவில் 40 விநாடிக்கு ஒரு பிழைச்செய்தி அசையாமல் நின்றது. இடையில் அவருடைய இருமல். அவ்வளவுதான்.

ஆகவே பின்னோக்கிப் பதிய வேண்டும். எப்போதும் பதிவு ஓடிக்கொண்டே இருக்க, பட்டனை அழுத்தினால் கடந்த 2 நிமிடம் கையில் கிடைக்க வேண்டும். விநாடிக்கு ஒரு துண்டாகச் சேர்த்துக்கொண்டே போய்ப் பழைய துண்டுகளை எறிந்துவிடலாம் என்று நினைத்தேன். வந்த கோப்பு எந்த பிளேயரிலும் திறக்கவில்லை. குரோம் தரும் வீடியோ வகையான வெப்எம் கோப்பில், அதை எப்படிப் படிப்பது என்று சொல்லும் தலைப்புத் தகவல் முதல் துண்டில் மட்டும்தான் இருக்கும். அதை எறிவது எஞ்சினைக் கழற்றிவிட்டுப் பெட்டிகளை ஊருக்கு அனுப்பும் வேலை. தலைப்பை மட்டும் எடுத்து ஒட்டினாலும் முழுமையான பிரேம் (முழுப்படம்) ஒன்று வரும்வரை திரை குழம்பித்தான் தெரியும்.

இதில் மூன்று வாரம் போனது. கடைசியில் கண்டுபிடித்த வழி கொஞ்சம் முரட்டு வழி. இரண்டு ரெகார்டர்களை 2 நிமிட இடைவெளியில் ஓடவிட்டு, ஒவ்வொன்றையும் 4 நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி மறுபடி தொடங்கினேன். பட்டனை அழுத்தும்போது எது அதிக நேரம் ஓடியிருக்கிறதோ அதை எடுத்துக்கொள்வது. எப்படிப் பார்த்தாலும் 2 நிமிடத்துக்குக் குறையாது. என் பழைய லேப்டாப்பின் ஃபேன் மட்டும் ஹெலிகாப்டர் மாதிரி கத்தும்.

அப்புறம் குரோம் நீட்சிகளின் விதிகள் மாறின. மேனிஃபெஸ்ட் 3 என்ற அந்தப் புதிய விதிகளில் நீட்சியின் பின்னணி நிரல் 30 விநாடி சும்மா இருந்தால் தூங்கப்போய்விடும். அதற்குள் ரெகார்டரை வைக்கவும் முடியாது. 2023 ஜனவரியில் வந்த குரோம் 109இல் திரைக்கு வெளியே ஒரு பக்கத்தைத் திறந்துவைக்க அனுமதித்தார்கள். அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

வெளியீட்டைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. புதிய மென்பொருள்களை அறிமுகப்படுத்தும் புராடக்ட் ஹன்ட் தளத்தில் போட்டேன். அங்கே நாள் தொடங்குவது பசிபிக் நேரப்படி நள்ளிரவு 12:01க்கு. அவர்களுடைய கோடைக்காலத்தில் நமக்கு அது பகல் 12:31. இதைக் கணக்குப் போடாமல் முந்தைய இரவு முழுக்கக் கண்விழித்துவிட்டு, விஷயம் தொடங்கும் நேரத்தில் சாப்பிட்டுத் தூங்கிவிட்டேன். எழுந்து பார்த்தால் பாராட்டைவிட ஒரே கேள்விதான் அதிகம்: "எல்லா இணையதளங்களின் தரவையும் படிக்க, மாற்ற உன் நீட்சிக்கு ஏன் அனுமதி வேண்டும்?" நியாயமான கேள்வி. சோம்பேறித்தனத்தில் எல்லாவற்றையும் கேட்டிருந்தேன். ஐகானைச் சொடுக்கிய டேபுக்கு மட்டும் என்று குறைத்தேன்.

உங்கள் அனுபவங்களையும் சொல்லுங்கள்.

டெஸ்டர், கோவை

அண்ணா, எதிர்த்தரப்பிலிருந்து ஒரு வாக்குமூலம். விண்டோஸ் 7 காலத்தில் பிராப்ளம் ஸ்டெப்ஸ் ரெகார்டர் என்று ஒன்று கூடவே வந்தது. வீடியோ கிடையாது, ஒவ்வொரு சொடுக்குக்கும் ஒரு படம். அதில் எடுத்து, படத்துக்குக் கீழே என்ன செய்தேன் என்று எழுதி அனுப்புவேன். வீடியோ வந்த பிறகு எழுதுவதையே விட்டுவிட்டோம். தலைப்பு "செக்அவுட் வேலை செய்யவில்லை", உள்ளே "வீடியோ பார்க்கவும்". வீடியோ 7 நிமிடம். அதைத் திறந்தால் நீளமே காட்டாது, இழுத்துப் பார்க்கவும் முடியாது. டெவலப்பர் திட்டாமல் என்ன செய்வார்? இப்போது எங்கள் குழுவில் வீடியோ ஒரு நிமிடத்தைத் தாண்டக்கூடாது, பிழை எத்தனையாவது விநாடியில் வருகிறது என்பதை டிக்கெட்டில் எழுதியாக வேண்டும்.

திரியைத் தொடங்கியவர்

இழுக்க முடியாதது உங்கள் தவறில்லை. குரோம் பதிந்து தரும் வெப்எம் கோப்பில் நீளமே எழுதப்படுவதில்லை. பதிவு முடிந்ததும் நாமாகக் கணக்கிட்டு உள்ளே எழுத வேண்டும். எனக்கு வந்த முதல் புகாரே அதுதான்.

வாடிக்கையாளர் உதவிப் பிரிவு, மதுரை

நாங்கள் மருத்துவமனைகளுக்கு மென்பொருள் தருகிறோம். வரவேற்பில் இருந்த ஒரு அம்மா, பில் தப்பாக வருகிறது என்று அழகாக வீடியோ எடுத்து அனுப்பினார். பில் தெரிந்தது. பக்கத்திலேயே பன்னிரண்டு நோயாளிகளின் பெயரும் போன் எண்ணும் தெரிந்தன. அந்த டிக்கெட்டை வெளி ஒப்பந்தக்காரர்களும் பார்ப்பார்கள். உடனே அழித்தோம். ஆனால் மின்னஞ்சல் அறிவிப்பில் இணைப்பாக ஏற்கெனவே போய்விட்டது. உங்கள் கருவியில் மறைக்க வழி இருக்கிறதா சார்?

திரியைத் தொடங்கியவர்

இருக்கிறது, ஆனால் பட்டபிறகு வந்த ஞானம். எந்த விசையை அழுத்துகிறார்கள் என்று திரையில் காட்டும் வசதி ஒன்றைப் பெருமையாகச் சேர்த்தேன். கடவுச்சொல் பெட்டியில் புள்ளி புள்ளியாக மறைந்தது, கீழே என் வசதி அதே கடவுச்சொல்லை எழுத்து எழுத்தாகக் காட்டியது. அன்றைக்கே எடுத்துவிட்டேன்.

வீடியோவைவிடக் கூடவே போகும் நெட்வொர்க் பதிவுதான் (பிரவுசரும் இணையதளமும் பரிமாறியவற்றின் பதிவு) ஆபத்து. 2023 அக்டோபரில் வெளிவந்த, லாகின் சேவை தரும் ஆக்டா நிறுவனத்தில் நடந்ததும் அதுதான். வாடிக்கையாளர்கள் உதவிக்காக அனுப்பிவைத்த ஹார் கோப்புகளில் (அந்த நெட்வொர்க் பதிவுகளில்) செஷன் டோக்கன்கள், அதாவது லாகின் ஆனவர் என்று காட்டும் சாவிகள், அப்படியே இருந்தன, உதவி அமைப்புக்குள் புகுந்தவர்கள் அவற்றை எடுத்துப் பயன்படுத்தினார்கள். அந்தச் செய்தியைப் படித்த இரவு என் நிரலைத் திறந்து பார்த்தேன். அதே மாதிரி சாவிகளைச் சுமக்கும் குக்கீயும் அங்கீகாரத் தலைப்பும் அப்படியே சேமிப்பில் கிடந்தன. இப்போது பயனரின் பிரவுசரை விட்டு வெளியேறும் முன்பே அவற்றை வெட்டிவிடுகிறேன்.

டெவலப்பர், பெங்களூரு

நாங்கள் வீடியோவே வேண்டாம் என்று ஆர்ஆர்வெப் நூலகத்தில் கட்டினோம். பக்கத்தின் அமைப்பில் வரும் மாற்றங்களை மட்டும் குறித்துக்கொண்டு பிறகு திரும்ப ஓட்டிக்காட்டும். கோப்பு மிகச் சின்னது, மறைக்க வேண்டியதை எளிதாக மறைக்கலாம். முதல் வாரமே ஒரு சார்ட் பக்கத்தில் பிரச்சினை. சார்ட் வரையப் பயன்படும் கேன்வாஸ் பகுதியை அது இயல்பாகப் பதிவதில்லை, சார்ட் இருந்த இடம் வெறுமையாக வந்தது. அதையாவது அமைப்பில் மாற்றிவிடலாம். அடுத்தது சஃபாரியில் மட்டும் பட்டன் ஒன்று இடம் நழுவும் பக். பதிவை என் குரோமில் ஓட்டினேன், பட்டன் ஒழுங்காக இருந்தது. இருக்கத்தானே செய்யும், வரைவது என் குரோம் அல்லவா! "எங்கிட்ட சரியா ஓடுதே" என்று நானே எழுதிவிட்டேன். இப்போது இரண்டையும் சேர்த்தே வைத்திருக்கிறோம்.

டெஸ்டர், கோவை

அண்ணா, உங்கள் கருவியிலேயே பக் வந்தால் எப்படிச் சொல்கிறார்கள்?

திரியைத் தொடங்கியவர்

ரெகார்ட் பட்டன் வேலை செய்யவில்லை என்று ஒருவர் சொன்னார். மேக்கில் திரைப்பதிவு அனுமதி கொடுத்துவிட்டுக் குரோமை மூடித் திறக்காததுதான் காரணம். அவர் அனுப்பியது செல்போனில் எடுத்த வீடியோ. லேப்டாப் திரை கொஞ்சம் சாய்ந்து தெரியும், பின்னால் குக்கர் விசில் கேட்கும். எந்தக் கேள்வியும் கேட்காமல் ஐந்து நிமிடத்தில் புரிந்துகொண்ட ஒரே டிக்கெட் அதுதான்.