புதுப்பிப்பு: திர்ஹாம் சம்பளத்துல உச்சிப்புளி வீட்டுக்கு லோன் கிடைச்சிருச்சு

ஷார்ஜால வேலை, சம்பளம் திர்ஹாம்ல, ஊர்ல வீடு வாங்க லோன் தருவாங்களான்னு முன்னாடி கேட்டிருந்தேன்ல, சாங்ஷன் ஆயிருச்சு. பதில் போட்ட எல்லாருக்கும் ரொம்ப நன்றி.

கைகொடுத்தது இங்க பதில் போட்ட கீழக்கரை காக்கா (அண்ணன்) சொன்ன வழிதான். முதல்ல போன பேங்க்ல சிபில் ஸ்கோரே (இந்தியாவுல கடனை ஒழுங்கா கட்டுறோமான்னு காட்டுற மதிப்பெண்) இல்லன்னு திருப்பிட்டாங்க, அடுத்த பேங்க்ல சம்பள சர்டிபிகேட், ஸ்டேட்மெண்ட்டோட அல் எதிஹாத் கிரெடிட் பீரோ (அமீரகத்துல சிபில் மாதிரி) ரிப்போர்ட்டையும் அவங்க கேக்குறதுக்கு முன்னாடியே சேத்துக் குடுத்துட்டேன், அப்புறம் அந்தப் பேச்சே வரல.

எதிர்பாக்காதது பவர் பத்திரம் (நமக்குப் பதிலா இன்னொருத்தர் கையெழுத்துப் போட அதிகாரம் குடுக்குறது). தம்பி பேருக்கு எழுதி துபாய் கான்சுலேட்ல அட்டெஸ்ட் பண்ணி அனுப்புனேன், அது மட்டும் போதாதாம், இந்தியாவுக்கு வந்து சேந்த 3 மாசத்துக்குள்ள அங்க முத்திரைத் தீர்வையும் கட்டணும், தம்பி ராமநாதபுரத்துல மாவட்டப் பதிவாளர் ஆபீஸுக்குப் போய் முடிச்சுட்டு வந்தான். வெளிநாட்டுல இருக்கவங்க தயவுசெஞ்சு இதைக் குறிச்சு வச்சுக்கங்க.

இன்னொண்ணு, விவசாய நிலம், தோப்பெல்லாம் என்ஆர்ஐ விலைக்கு வாங்க முடியாது. நம்ம பக்கம் தென்னந்தோப்போட சேந்த வீடு நிறைய இருக்கு, பட்டாவுல நிலத்தோட வகையைப் பாத்துட்டு அட்வான்ஸ் குடுங்க, கடலுக்குக் கிட்டன்னா சிஆர்இசட் (கடலோரத்துல கட்டடம் கட்டக் கட்டுப்பாடு இருக்குற பகுதி) எல்லையையும் விசாரிங்க.

தவணை என்ஆர்இ அக்கவுண்ட்ல (வெளிநாட்டுச் சம்பளத்தைப் போட்டு வைக்க இந்திய பேங்க்ல இருக்குற கணக்கு) இருந்தே போகுது.