தனியே தங்கப்போகும் மகளுக்கு எதை முதலில் கற்றுக்கொடுப்பது?

கேள்வி: அடுத்த மாதம் வேலைக்காகக் கோவையில் தனியே வீடெடுத்துத் தங்கவிருக்கும் என் மகள், படிப்பில் கெட்டிக்காரியாக இருந்தும், இதுவரை உலையில் அரிசி போட்டதில்லை. எதிலிருந்து தொடங்கட்டும்?

பதில் 1: சமையல் தானாக வந்துவிடும், சகோதரி; முதலில் அடுப்பைக் கையாளப் பழக்குங்கள். சிலிண்டரின் கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டையின் உட்புறத்தில் 'பி-28' என்றிருந்தால், 2028 ஜூனுக்குள் அதை மறுசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று பொருள். எரிவாயு வாடை வந்தால், மின்சுவிட்ச் எதையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, சன்னல்களைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906-ஐ அழைக்க வேண்டும்.

பதில் 2: இணைய மோசடியில் பணம் பறிபோனால் அந்த நிமிடமே 1930-ஐ அழைக்கச் சொல்லுங்கள். வீட்டில் திட்டுவார்களோ என்று என் தம்பி இரண்டு நாள் மறைத்ததில், முதல் மாதச் சம்பளம் முழுவதும் போய்விட்டது.

கேட்டவர்: மிக்க நன்றி. எங்கள் சிலிண்டரில் 'டி-27', அதாவது 2027 டிசம்பர், என்றிருப்பதை அவளே குனிந்து படித்துக் காட்டினாள்.