ஐப்பசியில் பழைய பல்லாரியும் புதுப் பல்லாரியும்: பார்த்ததைச் சொல்லுங்கள்

கோயம்பேடு சரக்கு:
ஹூப்ளி பக்கத்துப் புதுப் பல்லாரி (பெரிய வெங்காயம்), ஐப்பசி முதல் வாரம். வழியெல்லாம் மழை. தார்ப்பாயை எங்கேயும் திறக்காமல் ஓட்டி வந்த லோடு. மேல் வரிசை மூட்டைகள் பளிச்சென்று இருந்தன. நடு வரிசையில் ஒரு சாக்குக்குள் கையை விட்டால் இளஞ்சூடு. கையை வெளியே எடுத்தபோது விரலோடு கொழகொழவென்று நூல் இழுத்துக்கொண்டு வந்தது. அந்த 50 கிலோ மூட்டையைக் கொட்டிப் பிரித்ததில் 8 கிலோ கழிவு. கிலோ 30 என்று பேசி முடித்த சரக்கின் அடக்கம் அங்கேயே 35 ரூபாய் 70 காசாகிவிட்டது. மேல் மூட்டையை மட்டும் பார்த்து விலை பேசவே கூடாது. மழையில் பிடுங்கிய காய்க்கு இதுதான் கதி.

மளிகைக்கடை மதுரை:
எங்கள் பக்கம் இதற்கு நேர்மாறு. மகாராஷ்டிரா பழைய ரபி (குளிர்காலப் பயிர்) சரக்கு, தோல் சருகாகக் காய்ந்து கெட்டியாகத் தெரிந்தது. குறுக்கே அறுத்தால் நடுவில் பச்சை முளை, சுற்றிலும் சதை பஞ்சு மாதிரி. அறுத்த நான்கில் மூன்று அப்படியே. பங்குனி, சித்திரையில் பிடுங்கிய காய் கோடை வெயிலில் தூங்கிக்கொண்டு கிடக்கும். மழை வந்து சூடு தணிந்ததும் முளை கிளம்பிவிடும். கையில் தூக்கினாலே தெரியும், அளவுக்கு ஏற்ற கனம் இருக்காது. ஐந்து மூட்டையிலிருந்து மும்மூன்று காய் எடுத்து அறுத்துப் பார்க்காமல் ஐப்பசியில் பழசு வாங்காதீர்கள்.

பெரம்பலூர் பட்டறை:
கோயம்பேடு அண்ணே, பழியை மழை மேல் போடாதீர்கள். பச்சைக் கழுத்தோடு, அதாவது காயும் தாளும் (இலை) சேரும் இடம் காயாமலேயே, மூட்டை கட்டியதுதான் குற்றம். இங்கே சின்ன வெங்காயத்தில் இதை வருஷா வருஷம் பார்க்கிறோம். ஒரே வயல், ஒரே நாள் பிடுங்கியது. ஒரு குவியல் பட்டறையில் (வெங்காயத்தை இருப்பு வைக்கும் பந்தல்) நன்றாக நிற்க, பக்கத்துக் குவியலில் கையை வைத்தால் கழுத்து நசுங்கித் தண்ணீர் கசிந்தது. கடைசி நேரத்தில் யூரியா போட்ட பாத்தி அது.

இதை எல்லாரும் குறித்துக்கொள்ளுங்கள். நட்டு 45 நாளைக்கு மேல் தழைச்சத்து வேண்டாம், கழுத்து தடித்துப்போகும், மூடாது. பிடுங்க 10 முதல் 15 நாளுக்கு முன்பே தண்ணீரை நிறுத்துங்கள். தாள் பாதிக்கு மேல் சாய்ந்த பிறகு பிடுங்குங்கள். வயலிலேயே மூன்று நாள் காய வையுங்கள், ஒரு வரிசையின் தாள் அடுத்த வரிசைக் காயை மூடும்படி. காய் நேர் வெயிலில் கிடந்தால் வெந்துபோகும். தாளை அறுக்கும்போது இரண்டு சென்டிமீட்டர் விடுங்கள். ஒட்ட அறுத்தால் அந்த வாய் வழியாகத்தான் அழுகல் இறங்கும். பிறகு பத்து நாளாவது நிழலில் காய வேண்டும். பட்டறையைத் தரையோடு போடாதீர்கள், அடியில் காற்று போக வேண்டும். அகலம் நாலைந்து அடிக்கு மேல் போனால் நடுக்காய் புழுங்கும். மேலே ஓலை, பக்கவாட்டில் இடைவெளி. தார்ப்பாய் போட்டு மூடுவது காயை அவிப்பதற்குச் சமம்.

கோயம்பேடு சரக்கு:
பட்டறைக்காரரே, நீங்கள் சொல்வதெல்லாம் சின்ன வெங்காயத்துக்கும் ரபி பல்லாரிக்கும் சரி. காரிப் (மழைக்காலப் பயிர்) பல்லாரியில் தாள் தானாகச் சாயவே சாயாது. இலை லேசாக மஞ்சளிக்கும், அவ்வளவுதான். அதனால்தான் பிடுங்குவதற்குச் சில நாள் முன்பு காலி டிரம்மை உருட்டித் தாளை மடக்குகிறார்கள். மழையில் அதுவும் முடியாது, வயலில் காய வைக்கவும் முடியாது. இந்தச் சரக்குக்கு இயல்பிலேயே நீர் அதிகம், மாதக்கணக்கில் இருப்பு வைக்க ஆகாது. மழை மேல் பழி போடாமல் வேறு எதன் மேல் போடுவது?

பெரம்பலூர் பட்டறை:
டிரம் விஷயம் ஒத்துக்கொள்கிறேன். ஈரத்தோடு சாக்கில் கட்டியதை ஒத்துக்கொள்ள மாட்டேன்.

திண்டுக்கல் ஏலம்:
வெங்காயப் பேச்சுக்கு நடுவில் முருங்கை. கார்த்திகையில் நம் பக்கத்து மரங்களில் மழைக்குப் பூ கொட்டி வரத்து நின்றதும் மகாராஷ்டிரா, குஜராத் காய் இறங்கும். நீளம், பருமன் எல்லாம் அழகு. ஒரு கட்டைப் பிரித்து நடுக்காயை ஒடித்தால் ஒடியவில்லை, ரப்பர் மாதிரி வளைந்தது. புதுக்காய் படக்கென்று ஒடியும், நாரில் ஈரம் தெரியும். கட்டின் வெளிக்காயை ஒடித்துப் பார்த்து ஏமாறாதீர்கள்.

மளிகைக்கடை மதுரை:
புது வெங்காயம் இறங்கிவிட்டதே, விலை ஏன் குறையவில்லை என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ரபிதான் நாட்டின் பெரிய விளைச்சல். அதன் இருப்பு ஐப்பசி வாக்கில் தீர்ந்துபோகும். அந்த இடைவெளியைக் காரிப் அடைத்தாக வேண்டும். 2019இல் மகாராஷ்டிரா, கர்நாடகா மழையில் காரிப் அடிபட்டது. செப்டம்பர் 29இல் ஏற்றுமதியைத் தடை செய்தும் டிசம்பரில் கிலோ நூறைத் தாண்டியது. மண்டியில் வந்த எடை ஒன்று, விற்கத் தேறிய எடை வேறு. வரத்து மூட்டையை எண்ணி விலையைக் கணித்தவர்கள் அந்த வருஷம் தவறினார்கள்.

சேலம் சில்லறை:
தோலில் கருப்புப் பொடி இருந்த மூட்டையை என்ன செய்தீர்கள்? இங்கே பாதி மூட்டை அப்படித்தான் வந்திருக்கிறது.

கோயம்பேடு சரக்கு:
அது பூஞ்சை. மேல் தோலை உரித்ததும் போய்விட்டால் உள்ளே சதை கெட்டியா என்று பார்த்து அன்றைக்கே விற்றுவிடலாம். கழுத்து வழியாகச் சதைக்குள் கோடு இறங்கியிருந்தால் தனியே எடுத்துவிடுங்கள், தேறாது.

அந்த லோடில் தேறிய காயைச் சாக்கில் திரும்பக் கட்டவில்லை. மரப்பலகை மேல் அரை அடி உயரத்துக்குப் பரப்பி, பக்கத்திலிருந்து மின்விசிறி விட்டு, காலையும் மாலையும் கசிந்ததைப் பொறுக்கி எடுத்தார்கள். முதல் நாள் இரண்டு கூடை கழிவு. மூன்றாம் நாள் கழுத்தைக் கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கவில்லை, சரசரவென்று சத்தம் கேட்டது. அதன் பிறகுதான் சாக்கில் கட்டினார்கள்.