கேமரா செலான் வந்தால் முதலில் எதைப் பார்ப்பது? – அனுபவப் பகிர்வு

வக்கீல்_மதுரை
மாநகராட்சி கம்பம் நட்டு கேமரா மாட்டிவிட்டால் அதுவே அபராதம் போட்டுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த அதிகாரம் அங்கிருந்து வருவதில்லை. 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த 136ஏ பிரிவு, மின்னணுக் கண்காணிப்பை மாநில அரசின் பொறுப்பாக்கியது. நடைமுறை, மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஆகஸ்டில் வந்த 167ஏ விதியில் இருக்கிறது. கருவி வாங்கிய பணம் யாருடையதாகவும் இருக்கட்டும். 200-ஆம் பிரிவின்படி ஸ்பாட் ஃபைன் வாங்க மாநில அரசு அறிவித்த அதிகாரியால்தான் முடியும்.

செலானில், அதாவது அபராத நோட்டீஸில், பார்க்க வேண்டியவை: குற்றமும் நம்பர் பிளேட்டும் தெளிவாகத் தெரியும் படம், இடம், தேதி, நேரம், கருவி காட்டிய அளவு, மீறியதாகச் சொல்லும் பிரிவு, மின்னணு ஆவணச் சான்று (கருவிப் பதிவைச் சாட்சியமாக ஏற்கத் தேவையான சான்று). இந்தச் சான்று முன்பு சாட்சியச் சட்டம் 65பி-யில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல், அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவு. மீறல் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பப்பட்டிருக்க வேண்டும். கேமரா இருக்கும் இடத்துக்கு முன்பே எச்சரிக்கைப் பலகையும் இருக்க வேண்டும். கருவிக்கு மாநில அரசு நியமித்த அதிகாரியின் ஒப்புதல் சான்று தேவை, அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பெரும்பாலோர் கேட்க மறப்பது இந்த ஒப்புதல் சான்றைத்தான்.

ரேடார்_டெக்
வக்கீல் சார் சொன்ன ஆண்டுச் சான்று வெறும் காகித வேலை இல்லை. வேகத்தை அளக்கும் ரேடார் சாலையை நேராகப் பார்ப்பதில்லை, ஒரு கோணத்தில் பார்க்கிறது. 20 டிகிரி கோணத்தில் 60 கி.மீ. வேகம் சுமார் 56 ஆகத்தான் பதிவாகும். அதைச் சரிக்கட்ட, பொருத்தும்போது கோணத்தை அமைப்பில் பதிந்து விடுவார்கள். சிக்கல் இங்கேதான். 25 டிகிரி என்று பதிந்துவிட்டு, லாரி உரசியோ கிளாம்ப் தளர்ந்தோ ரேடாரின் தலை 15 டிகிரிக்குத் திரும்பிவிட்டால், 60-ல் போன வண்டி 64 என்று காட்டும். வரம்பை ஒட்டிப் போகிறவர்களுக்கு இந்த நாலு கி.மீ. பெரிய விஷயம். எனவே கம்பத்தைத் தொட்டாலே மறுபடி அளவீடு செய்ய வேண்டும். வேகம் மிக நெருக்கமாக இருந்தால் கடைசியாகச் சரிபார்த்த தேதியைக் கேளுங்கள். கூடுதலாக 20, 30 காட்டினால் கோணத்தைக் காரணம் சொல்லிப் பயனில்லை.

சிக்னல் கேமராவில் குறைந்தது இரண்டு படம் வேண்டும்: சிவப்பு எரியும்போது வண்டி ஸ்டாப் லைன் கோட்டுக்குப் பின்னால் ஒன்று, கோட்டைத் தாண்டியபின் ஒன்று. ஸ்டாப் லைன் அழிந்துபோன சந்திப்பில் முதல் படமே எதையும் நிரூபிக்காது.

ஆர்சி_புக்
அண்ணே, தவறான ஆளுக்குச் செலான் போவதும் உண்டு. நம்பர் பிளேட்டைப் படிக்கும் மென்பொருள் 8-ஐ பி என்றும், 0-வை ஓ, டி என்றும் எடுத்துக்கொள்ளும். வளைந்த எழுத்து, பம்பர் மறைத்த பிளேட் என்றால் இன்னும் மோசம். படத்தில் உள்ள வண்டியின் நிறம், மாடல் இரண்டையும் ஆர்சியோடு ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் மத்திய அரசின் பரிவாஹன் இ-செலான் தளத்தில் புகார் பகுதியில் ஆர்சி நகலும் வண்டியின் போட்டோவும் சேர்த்துப் போடலாம்.

வண்டியை விற்றவர்கள் கவனிக்க: பெயர் மாறும்வரை செலான் பழைய உரிமையாளருக்குத்தான் வரும். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டையும் வாங்குபவர் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். ஆர்சியில் பழைய மொபைல் எண் இருந்தால் குறுஞ்செய்தியே வராது.

வாட்ஸ்அப்பில் "செலான்" என்று ஏபிகே ஃபைல் (போனில் ஆப் நிறுவும் ஃபைல்) வந்தால் தொடவே வேண்டாம், அது மோசடி. வண்டி எண்ணும் சேசிஸ் எண்ணின் கடைசி ஐந்து எழுத்தும் போட்டு அரசுத் தளத்திலேயே பாருங்கள்.

வக்கீல்_மதுரை
இன்னொன்று. கட்டாத செலான், ஆன்லைனில் நடக்கும் மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போய்விட்டால், அந்தத் தளத்தில் கட்டுவது, எதிர்ப்பது என்று இரண்டு வழி இருக்கும். ஒருமுறை கட்டிவிட்டால் பிறகு சான்று இல்லை, பலகை இல்லை என்று பேசிப் பலனில்லை. எதிர்ப்பதாக இருந்தால் பணம் கட்டும் முன்பே அதைத் தேர்ந்தெடுங்கள். வழக்கு வழக்கமான நீதிமன்றத்துக்கு மாறும். செலான் முடியும்வரை கேமராப் பதிவை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும் என்பதும் 167ஏ விதிதான். முதல் வாய்தாவிலேயே முழு வீடியோவையும் ஒப்புதல் சான்றையும் எழுத்துமூலம் கேளுங்கள்.