புழுவை வைத்து இறந்த நாளைச் சொல்ல முடியுமா?

நிலவன் (சட்டக் கல்லூரி மாணவர்):
மாதிரி நீதிமன்றப் போட்டிக்கு ஒரு கற்பனை வழக்கு கொடுத்திருக்கிறார்கள். நான் எதிர்த்தரப்பு. பிரேதப் பரிசோதனை அறிக்கையில் "உடலில் புழுக்கள் காணப்பட்டன" என்று ஒரே வரி. அதை வைத்து இறந்த நாளை உறுதியாகச் சொல்கிறது அரசுத் தரப்பு. இது சரியா? டிஎன்ஏ பரிசோதனை இதில் எங்கே வருகிறது?

கலைவாணி (விலங்கியல் ஆசிரியை):
அந்த ஒரு வரி எதையும் நிரூபிக்காது. எந்த ஈ இனம், எந்த வளர்ச்சிப் பருவம், எவ்வளவு நீளம், அங்கே வெப்பநிலை என்ன என்ற நான்கும் இல்லாமல் நாள் சொல்வதை நீங்கள் ஏற்கவே கூடாது. ஈ முட்டையிட்டதிலிருந்து எவ்வளவு காலம் ஆகியிருக்கிறது என்பதைத்தான் புழுவின் வயது காட்டும். அதற்கும் முன்பே மரணம் நேர்ந்திருக்கலாம். உடலைப் போர்வையில் சுற்றியோ பூட்டிய அறையில் போட்டோ வைத்திருந்தால் ஈ வந்து சேரவே தாமதமாகும். வெயில் காலத்தில் புழு விரைவாக வளரும், குளிரில் மந்தமாகும். அதனால்தான் பக்கத்து வானிலை நிலையத்தின் பதிவுகளைக் கேட்பார்கள்.

முறையாகச் செய்தால் இது எவ்வளவு உதவும் என்பதற்கு மனைவியையும் பணிப்பெண்ணையும் கொன்றதற்காக மருத்துவர் ரக்ஸ்டன் தண்டிக்கப்பட்ட வழக்கைப் பாருங்கள். 1935 செப்டம்பர் 29 அன்று ஸ்காட்லாந்தில் மொஃபாட் அருகே ஓர் ஓடைப் பள்ளத்தில் இரண்டு பெண்களின் உடல் துண்டுகள் கிடைத்தன. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் அலெக்சாண்டர் மெர்ன்ஸ் புழுக்களை ஆராய்ந்து, அவற்றின் வயது 12 முதல் 14 நாட்கள் என்றார். ரக்ஸ்டனின் மனைவி கடைசியாகக் காணப்பட்டது செப்டம்பர் 14 இரவு. துண்டுகளைச் சுற்றியிருந்த செய்தித்தாளும் 15ஆம் தேதியிட்டது. புழு, தாள், மண்டையோட்டின் மேல் பொருத்திப் பார்த்த புகைப்படம் எல்லாம் ஒரே திசையைக் காட்டின. புழு மட்டும் தனியாக யாரையும் தண்டிக்கவில்லை.

டிஎன்ஏவுக்கு இரண்டு வேலைகள் உண்டு. இளம் புழுக்கள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். அவற்றின் மைட்டோகாண்ட்ரியா மரபணுவைப் படித்தால் இனம் தெரியும். வளர்ச்சி வேகம் இனத்துக்கு இனம் மாறுவதால் இது முக்கியம். இரண்டாவது, புழுவின் குடலில் இருக்கும் மனித டிஎன்ஏ. மெக்சிகோவில் அடையாளம் காண முடியாதபடி எரிந்திருந்த ஓர் உடலில் திரட்டிய புழுக்களிலிருந்து அதைப் பிரித்தெடுத்து, காணாமல் போன பெண்ணின் தந்தையுடன் ஒப்பிட்டு அடையாளம் கண்டார்கள்.

நிலவன்:
உடலில் புழு எதுவும் இல்லையென்றால்?

அருள் (குற்றவியல் வழக்கறிஞர்):
இல்லாததும் பேசும். லாஸ் வேகஸில் 2001 ஜூலையில் நடந்த கொலைக்காக கிர்ஸ்டின் லோபாட்டோ தண்டிக்கப்பட்டார். உடல் இரவில் வெளியிடத்தில் கிடைத்தது. ஈ முட்டைகள் இல்லை. அதிகாலையிலேயே இறந்திருந்தால் அந்தக் கோடைப் பகலில் ஈக்கள் முட்டையிடாமல் விட்டிருக்காது, ஆகவே மரணம் மாலைக்குப் பிறகுதான் என்று பூச்சியியலாளர்கள் பின்னாளில் விளக்கினார்கள். அன்று மாலை லோபாட்டோ இருந்தது சுமார் மூன்று மணி நேரக் கார் பயணத் தொலைவில். 2017 டிசம்பரில் வழக்கு தள்ளுபடியாகி, 2018 ஜனவரியில் விடுதலையானார். ஒரு பூச்சியியல் நிபுணரை முதலிலேயே யாராவது அழைத்திருந்தால் அத்தனை ஆண்டுகள் சிறையில் கழிந்திருக்காது. எனக்கு இன்றும் ஆறாத கோபம் அது.

கலைவாணி:
நிலவன், குறுக்கு விசாரணையில் மாதிரி எடுத்த விதத்தைக் கேளுங்கள். புழுக்களில் ஒரு பகுதியை வெந்நீரில் கொன்று எத்தனாலில் வைத்தார்களா, இன்னொரு பகுதியை உயிரோடு வளர்த்து ஈயாக்கினார்களா? ஃபார்மலினில் போட்டிருந்தால் டிஎன்ஏ சிதைந்திருக்கும். உடல் பிணவறைக் குளிரில் எத்தனை மணி நேரம் இருந்தது என்பதையும் விடாதீர்கள். அந்த நேரத்தில் புழுவின் வளர்ச்சி மந்தப்படும்.