மில் விடுதியில் கண் நோவு: ஒரே சொட்டு மருந்தை எல்லாருக்கும் விடலாமுங்களா?

விடுதிப் பொறுப்பாளர், பல்லடம்:
அறைக்கு எட்டுப் பேர் தங்குற விடுதிங்க. கண்ணு செவந்து, காலைல பீளை கட்டி இமை ஒட்டிக்குதுன்னு ஒருத்தர் மாத்தி ஒருத்தரா வர்றாங்க. மெடிக்கல்ல ஒரு பாட்டில் வாங்கி எல்லாருக்கும் விட்றலாம்ங்கறாரு சூப்பர்வைசர். சரிங்களா?

கண் மருத்துவ உதவியாளர், ஈரோடு:
வேண்டவே வேண்டாமுங்க. பாட்டில் முனை இமை மயிர்ல லேசாப் பட்டாலே கிருமி மருந்துல ஏறிக்கும். அதை அடுத்தவர் கண்ணுல விட்டா நோவை நாமளே பரப்புறோம். ஆளுக்கொரு பாட்டில், மேல பேரு எழுதி வைங்க.

மொதல்ல பீளையைப் பாருங்க. மஞ்சளா, பச்சையா, கெட்டியா வந்து, தொடச்சாலும் திரும்பத் திரும்ப வந்தா பாக்டீரியாவா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். தண்ணியா வடிஞ்சு, காதுக்கு முன்னால நெறி கட்டுனா பெரும்பாலும் வைரஸ். அதுக்கு ஆன்டிபயாட்டிக் கேக்காது. ரெண்டும் கலந்தாப்லயும் தெரியும், அதனால டாக்டர் பாத்து எழுதட்டும். மாக்சிஃப்ளாக்சசின் 0.5%ங்கற ஆன்டிபயாட்டிக் சொட்டு எழுதுனா வழக்கமா ஒரு சொட்டு, நாளைக்கு 3 வேளை, 7 நாள். கீழ் இமையை இழுத்து அந்தக் குழியில விடணும். ரெண்டாவது சொட்டு வழிஞ்சு வீணாத்தான் போகும்.

லேபிள்ல டெக்சாமெத்தசோன்னு இருந்தா டாக்டர் சொல்லாம தொடாதீங்க. அது ஸ்டீராய்டு, சிவப்பை ஒரே நாள்ல கூடக் கொறைச்சிரும். ஆனா கருவிழியில ஹெர்பிஸ்ங்கற வைரஸ் புண்ணோ பூஞ்சைப் புண்ணோ இருந்தா பார்வையே போயிரும். கரும்புச் சோகை கண்ணுல கீறுன ஆளுன்னா ரொம்பவே கவனம். தாய்ப்பாலும் விட வேண்டாமுங்க.

பார்வை மங்குனா, வெளிச்சம் பாக்க முடியலைன்னா, கடுமையா வலிச்சா, கருவிழியில வெள்ளை தெரிஞ்சா, தொடச்ச சில நிமிஷத்துல சீழ் நிறைஞ்சா அன்னைக்கே கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க. கான்டாக்ட் லென்ஸ் போடுறவங்களும் அப்படித்தான்.

சுகாதார ஆய்வாளர், திருப்பூர்:
விடுதியில பரப்புறது துண்டும் தலையணை உறையும்தானுங்க. பாத்தாலே ஒட்டிக்கும்ங்கறது பொய். கையும் துணியும்தான் கொண்டு போகுது. நோவு வந்தவங்களுக்குத் தனி அறை, தனித் துண்டு. உறையைத் தினமும் சுடுதண்ணில சோப்புப் போட்டு அலசி வெயில்ல காயப் போடுங்க. கண்ணைத் தொடைக்கப் பஞ்சு, ஒரு தடவைக்கு ஒண்ணு, மூக்குப் பக்கமிருந்து வெளிப்பக்கமா; உடனே மூடி போட்ட குப்பைத் தொட்டியில போட்ருங்க.

குழாய்த் திருகு, கதவுக் கைப்பிடி, மெஷின் பட்டன் இதையெல்லாம் சோப்புல தொடச்சிட்டு, ஒரு லிட்டர் தண்ணிக்கு 16 கிராம் பிளீச்சிங் பவுடர் கலந்து தெளிஞ்ச நீரால நனைங்க. 10 நிமிஷம் ஈரமா இருக்கணும். அப்புறம் நல்ல தண்ணில தொடைக்கலைன்னா இரும்பு துருப்பிடிக்கும். கரைசலை அன்னன்னைக்குக் கலக்கோணும். மறுநாள் வீரியம் இருக்காது.

பேரு, அறை, ஷிப்ட், நோவு ஆரம்பிச்ச தேதி எழுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சொல்லுங்க. எந்த அறையில பரவுதுன்னு அந்தப் பட்டியல்தான் காட்டும்.

விடுதிப் பொறுப்பாளர், பல்லடம்:
நல்லதுங்க. எப்ப வேலைக்கு விடலாம்?

கண் மருத்துவ உதவியாளர், ஈரோடு:
பாக்டீரியான்னா மருந்து விட்டு ஒரு நாளாச்சும் கழிஞ்சு, பீளை நின்னதும் போலாமுங்க. வைரஸ்னா ரெண்டு வாரம் வரைக்கும் கூட ஒட்டும். அந்த லீவுக்குச் சம்பளம் பிடிக்காம இருக்கச் சொல்லிப் பேசுங்க. பிடிப்பாங்கன்னு தெரிஞ்சா நோவை மறைச்சுட்டுத்தான் ஷிப்டுக்குப் போவாங்க.